தையலோடு விட்ட துண்டு

அந்தக் கூட்டத்தில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தத் துணி ஏது?"

மற்றபடி மாமியார் சண்டை, புருஷன் குறட்டை, எதை வேண்டுமானாலும் பேசலாம். பட்டன் கடை மாடியில் நாலு பெண்கள் வாரம் ஒரு சாயங்காலம் கூடி, பழந்துணிகளை வெட்டிச் சேர்த்து, சுவரில் படம் மாதிரி மாட்டுகிற ஒட்டுப்போர்வை தைப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு நாள் பேங்க் அம்மா ஒரு கட்டம் போட்ட துணியை எடுத்துப் போட, "அட, எங்கே வாங்கினீங்க?" என்று நர்ஸ் கேட்டுத் தொலைத்தாள். இறந்துபோன புருஷனுடைய சட்டை அது. அந்தம்மா அழுத அழுகையில் அன்றைக்கு ஒருத்தர் கையிலும் ஊசி நகரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

கத்தரிக்கு அது ரொம்பப் பிடித்த சட்டம். கத்தரி என்பது பட்டப்பெயர். தையல் கடை வைத்திருக்கிறாள். துணியையும் வெட்டுவாள், பேச்சிலும் வெட்டுவாள். ஆனால் அவளைக் குடையாமல் விடுகிற இடம் அந்த மாடி ஒன்றுதான். தெருவில் இறங்கினால் போதும், "தங்கச்சி பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அக்கறையாம், மண்ணாங்கட்டி! முதுகுக்குப் பின்னால் அதே வாய்தான், எவன்கூடவோ ஓடிப்போய்விட்டாள் என்று பேசுகிறது.

தங்கச்சி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பியவள் வீடு வந்து சேரவில்லை. போலீஸும் ஊர் சொன்னதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டது. அம்மா இன்றைக்கும் அவளுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். உயிரோடு இருக்கிறாளா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று கத்தரி தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் கூடவே நின்றது பஞ்சக்கா. பருத்த உடம்பு, மெத்தென்ற பேச்சு, அதனால் பஞ்சு. கத்தரியைவிட மூத்தவள், கூட்டத்திலேயே தையலில் சுத்தமான கை. அக்காவின் புருஷனும் தங்கமான மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மழை பெய்தால் தெரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவார். பெண்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன், அவருக்கு எல்லோரும் தங்கச்சி. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கத்தரி தேடி அலைந்தபோது வண்டி ஓட்டியது அவர்தான்.

இந்த வருஷம் அவர்கள் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு நடுத்துண்டு தைத்துப் பையில் போட்டு அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவள் அதைச் சுற்றித் தன் கற்பனைக்கு ஒரு கரை சேர்த்து அதற்கடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். முழுசும் முடிந்து திரும்பி வரும்வரை சொந்தக்காரி பார்க்கக் கூடாது. கத்தரி தைத்துக் கொடுத்தது, மழையில் பாதி திறந்திருக்கும் ஒரு கதவு. யாருக்காகத் திறந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கடைசிக் கரை பஞ்சக்காவுடையது. "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்று அவள் வாரக்கணக்கில் இழுத்தடித்தாள். ஆளும் இளைத்துப்போனாள். சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி நர்ஸ் திட்டினாள். சரி சரி என்றாளே தவிர, பார்த்தபாடில்லை.

பிரித்துப் பார்க்கிற நாளும் வந்தது. அன்றைக்கும் மழை. மற்ற மூன்றையும் விரித்து, கூச்சல் போட்டு, ஒருத்தியை ஒருத்தி கிண்டல் பண்ணி முடித்துவிட்டு, கடைசியாகக் கத்தரியுடையதை மேஜையில் விரித்தார்கள். கதவைச் சுற்றி நர்ஸின் நீலக் கரை, அதைச் சுற்றி பேங்க் அம்மாவின் மஞ்சள். "அடேயப்பா, உள்ளே விளக்கு எரியுற மாதிரியே இருக்கே!" என்றாள் கத்தரி. வெளிக்கரை முழுக்கச் சாம்பல் நிறம், பஞ்சக்காவின் கை. கீழ் மூலையில் மட்டும் ஒரு துண்டில் சின்னச் சின்னக் குருவிகள்.

"அய்யே!" என்று நர்ஸ் சிரித்தாள். "பஞ்சக்காவா இது? பழைய தையலைக்கூட வெட்டாம அப்படியே வச்சிருக்காங்க பாரு!"

நர்ஸ் சொன்னதில் தப்பில்லை. பழைய உடுப்பை எடுத்தால் தையலை வெட்டி எறிவதுதான் முதல் வேலை. தடிப்பாக நிற்கும், ஊசி ஏறாது, ஊசி பிடிக்கத் தெரிந்த யாரும் அதை விட்டுவைக்க மாட்டார்கள். பஞ்சக்கா விட்டிருந்தாள், அதுவும் துண்டின் நட்டநடுவில். தையலுக்கு இந்தப் பக்கம் குருவிகள் நேராக நின்றன. அந்தப் பக்கம் தலைகீழாகத் தொங்கின.

கத்தரி குனிந்து அந்தத் தையலை விரலால் தடவினாள். தொழிலில் அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அது. அவசரத்தில் தங்கச்சி சட்டையின் முதுகுத் துணியைத் தலைகீழாக வெட்டிவிட்டாள். பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றால் தங்கச்சி கேட்டால்தானே! "விடுக்கா, முன்னாடி பறக்குது, பின்னாடி தொங்குது. ஊர்ல யார்கிட்டயும் இல்லாத சட்டை" என்று கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிச் சிரித்தாள். காணாமல் போன அன்று போட்டிருந்ததும் அதுதான்.

கத்தரி தலையைத் தூக்கினாள். பஞ்சக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் பஞ்சக்காவின் புருஷன், அந்த அண்ணன், வந்து நின்றார், வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.

"மழை வலுக்குது, கிளம்பலாமா தங்கச்சி? மத்தவங்களை முதல்ல இறக்கிட்டு உன்னைக் கடைசியா விட்டுடறேன்."

எத்தனை தடவை கேட்ட குரல்! இன்றைக்கு அது முதுகுத்தண்டில் ஊர்ந்தது. பஞ்சக்கா மேஜைக்கு அடியில் கத்தரியின் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. போகாதே என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, கத்தரி சிரித்தாள். "ஒரு ஓரம் பாக்கி இருக்கு அண்ணே. கீழே வண்டியில இருங்க, இதோ வந்துடறோம்."

அவர் மேஜையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். கத்தரி எதேச்சையாகச் சாய்கிற மாதிரி அந்த மூலையில் முழங்கையை ஊன்றினாள். "பொம்பளைங்க வேலை என்னிக்கு முடிஞ்சிருக்கு" என்று சிரித்தபடி அவர் இறங்கிப் போனார். படிச்சத்தம் ஓய்கிறவரை காத்திருந்து, அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பிறகு அந்தச் சட்டத்தை உடைத்தாள்.

"அக்கா, இந்தத் துணி ஏது?"

நர்ஸும் பேங்க் அம்மாவும் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். பஞ்சக்காவின் உதடு கோணிக்கொண்டது.

"அவர் வண்டி டிக்கியில. உதிரி டயருக்கு அடியில சுருட்டி வச்சிருந்தது. நீ அந்தச் சட்டையைப் பத்திச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கியே, பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சொல்ல வாய் வரலடி. இந்த மாடியை விட்டா என்னை எங்கேயும் தனியா விடறதில்ல, போனையும் பார்த்துடறாரு. இதை மட்டும்தான் பார்க்கமாட்டாரு, துணிதானேன்னு. சுத்தமா இருந்த ஓரமாப் பார்த்து அந்த ஒரு துண்டைத்தான் வெட்டினேன். மீதியைக் கறையோட துவைக்காம அப்படியே பஞ்சு மூட்டைக்குள்ள வச்சிருக்கேன்."

துவைக்காமல் என்று அவள் சொன்னதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. என் தங்கம் செத்துப்போய்விட்டது. இவ்வளவு நாளும் தெரிந்தால் போதும் தெரிந்தால் போதும் என்று கிடந்தவளுக்கு, ஐயோ, தெரியாமலேயே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. குருவித் துண்டைத் தடவிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பஞ்சக்காவும் சரிந்து உட்கார்ந்தாள்.

நர்ஸ் போனை எடுத்துப் போலீஸுக்கு அடித்தாள். விலாசம் சொன்னாள். பேங்க் அம்மா வெட்டு மேஜையைத் தனியாளாக இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டாள்.

கீழே ஹாரன் அடித்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, நீளமாக. பிறகு வண்டிக் கதவு சாத்துகிற சத்தம். படியில் செருப்பு ஏறி வந்தது, அவசரமே இல்லாமல்.

கதவை மெதுவாகத் தட்டினார்.

"தங்கச்சி?"

அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு நின்ற தங்கச்சியையும் இந்தக் குரல்தான் கூப்பிட்டிருக்கும். "இதோ வந்துட்டேன் அண்ணே" என்று அவளும் ஓடியிருப்பாள். கத்தரி போர்வையை மார்போடு சேர்த்துக்கொண்டு, பஞ்சக்காவின் கையை இறுக்கிப் பிடித்தபடி, பதில் சொல்லாமல் இருந்தாள்.