வினிதா வைத்த பட்டன்கள்

என் மனைவி வினிதா போனபின்னும் அவள் கைப்பேசியைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். அணையவிட மனம் வரவில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பின் ஒருநாள் அஷ்வினி கூப்பிட்டாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வினிதாவோடு வேலை பார்த்தவள். காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது நான்கு பெண்கள் சேர்ந்து கைப்பேசியில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். அஷ்வினி, மகேஸ்வரி, நிர்மலா, வினிதா. குழுவின் பெயர் 'ஹெப்பாள் அக்காஸ்'. அதில் வினிதாவின் பெயர் 'ஹனூர் பஸ்'. அவள் ஊர் ஹனூர். ஆட்டத்தில் எப்போதும் தாமதமாகத்தான் வருவாளாம், ஆனால் வந்து காப்பாற்றிவிடுவாளாம்.

அஷ்வினி தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையோடு சீசன் முடிகிறது. சீசனில் போதுமான ஆட்டங்கள் ஆடாதவர்களை விளையாட்டே குழுவிலிருந்து நீக்கிவிடும். அவர்களால் தடுக்க முடியாது. அவளுக்கு இன்னும் சில ஆட்டங்கள் குறைகின்றன. வினிதாவின் கணக்கிலிருந்து யாராவது ஆடினால் அவள் பெயர் பட்டியலில் நிற்கும். தோற்றாலும் பரவாயில்லை.

"நான் இதெல்லாம் ஆடுனதே இல்லீங்களே" என்றேன்.

"நாங்க இருக்கோம்ல அண்ணா. எங்க பின்னாடியே வாங்க."

எனக்கும் வேலை ஹெப்பாளில்தான். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில். பஸ் வேறு. மறுநாள் காலை அவரவர் பஸ்ஸிலிருந்தே சேர்ந்துகொண்டோம். விமானத்திலிருந்து குதிக்கச் சொன்னார்கள். குதித்தேன். நடக்க முயன்றால் தலை சுழன்றது. திரையெங்கும் பட்டன்கள். சுடும் பட்டன் வலது பக்கம் கீழே இருக்கும் என்றாள் அஷ்வினி. அங்கே இல்லை. இடது மேல் மூலையில் இருந்தது. வினிதா இடக்கைக்காரி. தன் விரல்களுக்கு எட்டுகிற மாதிரி ஒவ்வொன்றையும் நகர்த்தி வைத்திருந்தாள். மெல்லிய விரல்கள் அவளுக்கு. நான் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அழுந்தியது. மருந்து எடுக்கப் போய்க் குண்டை எடுத்து என் காலடியிலேயே போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்தில் சுடவாவது முடிந்தது.

"அண்ணா, வானத்தச் சுடறீங்க. அங்க யாரும் இல்ல" என்றாள் மகேஸ்வரி.

காதில் அவர்கள் பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. அதற்குள் யாரோ என்னைச் சுட்டுவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு சிவப்பு அம்பு கீழ்நோக்கி வந்தது. வினிதாவின் தரவரிசை ஒரு படி இறங்கியிருந்தது. அந்தப் படியை எட்டிய அன்று அவள் கேசரி கிளறினாள். எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். எனக்குப் புரியவில்லை, சாப்பிட்டேன்.

ஆடாவிட்டால் அவள் பெயர் போகும். நான் ஆடினால் அவள் ஏறியதெல்லாம் இறங்கும். அஷ்வினியிடம் இதைச் சொன்னேன்.

"பேடாண்ணா, வேணாம். இனிமே இப்பிடி நேரா மேட்ச்சுக்கு வராதீங்க" என்றாள். "மொதல்ல டிரெய்னிங் கிரவுண்டு போங்க. நடக்கணும், ஒளியணும், மருந்து போடணும். இந்த மூணும் கைக்கு வரட்டும். சுடறத நாங்க பாத்துக்கறோம். வினியும் அப்பிடித்தான். ஒரு வாரம் செவுத்தச் சுத்தியே நடந்துட்டு இருந்தா. நாங்க எவ்ளோ சிரிச்சோம் தெரியுமா?"

சனிக்கிழமை மதியம் வீட்டில் பயிற்சி மைதானத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. நீங்கள் இங்கே புதியவரா? கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. படிக்கவில்லை. புதியவன்தானே. 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

நடந்தேன். ஒரு சுவரைச் சுற்றி வந்தேன். குனிந்தேன், எட்டிப் பார்த்தேன், மருந்து போட்டுக்கொண்டேன். முன்னைப்போல் தடுமாறவில்லை. விரல் போன இடத்தில் பட்டன் இருந்தது. பயிற்சி என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பொம்மை மனிதர்களைச் சுடச் சொன்னது. சுட்டேன். ஒருவன் விழுந்தான்.

அப்போதுதான் கவனித்தேன். வலது கட்டைவிரலால் சுட்டிருந்தேன்.

வெளியே வந்து அமைப்புகளைத் திறந்தேன். எல்லாப் பட்டன்களும் புதியவர்களுக்கான இடத்தில் இருந்தன. படிக்காமல் விட்ட வரிகளில் அதைத்தான் சொல்லியிருக்கும். பழையதை மீட்கும் வழி எங்கும் இல்லை. விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. எங்களோடு விளையாடுவதற்கு நன்றி என்று இருந்தது.

கைப்பேசியை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். திரைமேல் ஒட்டியிருந்தது மலிவான பாதுகாப்புத் தாள். அவள் விரல்கள் தேய்த்த இடங்கள் மங்கலாகத் தெரிந்தன. அந்த மங்கல்களின் மேல் ஒவ்வொரு பட்டனாக இழுத்து வைத்துப் பார்த்தேன். சுடுவது இடது மேல் மூலை, அது தெரியும். மற்றவை? குனிவது எது, தாவுவது எது, மருந்து எது?

அஷ்வினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மற்ற இருவரையும் அழைப்பில் சேர்த்தாள். குனியும் பட்டன் கீழே ஓரத்தில் என்றாள் நிர்மலா. அது தாவுவது என்றாள் மகேஸ்வரி. கொஞ்ச நேரம் இருவரும் வாதாடினார்கள். பிறகு இருவருக்குமே சந்தேகம் வந்துவிட்டது.

"பக்கத்து சீட்டுலதான் அண்ணா இருந்தோம்" என்றாள் அஷ்வினி. "அவங்கவங்க ஸ்கிரீனத்தான் பாத்துட்டு இருந்தோம்."

நானும் வீட்டில் பக்கத்தில்தான் இருந்தேன்.

நகர்த்தியவற்றைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. சேமித்தால் அது என் ஊகமாக இருக்கும். வேண்டாம் என்றேன். பட்டன்கள் எல்லாம் புதியவர்களின் இடத்துக்கே போய் நின்றன.

ஞாயிறு காலை நால்வரும் வீட்டிலிருந்தே சேர்ந்தோம். முதல் ஆட்டத்தில் நடந்தேன், ஒளிந்தேன். அடுத்ததில் கடைசிவரை உயிரோடு இருந்தேன். அதற்கடுத்ததில் மகேஸ்வரி ஒரு களத்துமேட்டில் அடிபட்டு விழுந்தாள். மற்ற இருவரும் தூரத்தில் இருந்தார்கள். நான் சுவரோரமாகக் குனிந்து போனேன். மெதுவாகத்தான் போனேன். மருந்து போட்டு அவளை எழுப்பினேன்.

"ஹனூர் பஸ் வந்துருச்சு டீ" என்றாள் மகேஸ்வரி.

பழக்கத்தில் வந்த வார்த்தை. எழுந்தவள் என் முன்னால் ஓடினாள். நான் பின்னால் போனேன்.

குறைந்த ஆட்டங்களை மதியத்துக்குள் முடித்துவிட்டோம். பச்சை அம்பு ஒன்று மேலே போனது. இறங்கிய படி திரும்பக் கிடைத்தது. பட்டியலில் நான்காவதாக 'ஹனூர் பஸ்' இருந்தது. நாளை முதல் புது சீசன் அண்ணா, அதிலும் இதே விதிதான் என்றாள் அஷ்வினி. காலையில் பஸ்ஸிலிருந்து ஆட வர முடியுமா என்று மெல்லக் கேட்டாள். வருகிறேன் என்றேன்.

திரையை அணைத்துச் சாய்த்துப் பார்த்தேன். இடப்பக்கம் அவளுடைய மங்கல்கள். வலப்பக்கம் கீழே, அதுவரை தெளிவாக இருந்த இடத்தில், என் கட்டைவிரல் தேய்த்த தடம் புதிதாக விழுந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை.

சார்ஜில் போட்டேன்.