வேண்டியவள்

...சரி என்று சொல்லித் தொலைத்தாயிற்றே, இனி என்ன செய்வது, சொன்ன வாயைத் தைக்கவா முடியும், அதுவும் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற அந்த அவசரத்தில், பச்சைத் தொப்பிக்குள் அக்காவின் முகம் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிப்போனதைப் பார்த்த பதற்றத்தில், அக்கா இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு “எனக்காக ஒரே ஒரு தடவை வேண்டிக்கோடி” என்றாள், இவளும் “சரிக்கா” என்றாள், அவ்வளவுதான், கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது, உள்ளே போனவள் போய்விட்டாள், வெளியே நின்றவள் மாட்டிக்கொண்டாள். முப்பத்தொரு வருடமாக எந்தச் சாமியிடமும் எதையும் கேட்காதவள், கல்யாணத்தையே பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்தோடு முடித்துக்கொண்டவள், இப்போது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேண்டுதலுக்கு எங்கே போவாள்? பொய் சொல்லிவிடலாம், வேண்டிக்கிட்டேன்க்கா என்றால் முடிந்தது, ஆனால் அக்காவிடம் பொய் சொல்லி இவள் என்றைக்கு ஜெயித்திருக்கிறாள், முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாளே... அதுவும் போக, இது நிஜமாகவே கழுத்தில் கத்தி வைக்கிற சமாசாரம், இதில் போய் ஏமாற்றுவதா, சீ.

அக்கா கழுத்தில் வந்த கட்டி கெட்ட கட்டி இல்லை, அது வரைக்கும் நிம்மதி. எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்து குரல்வளையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எடுத்தே ஆகவேண்டும், எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு நூல் மாதிரிப் பக்கத்திலேயே ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் பண்ணுவோம் ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டே காட்டினார்கள். குரல் போனாலும் போகலாம். யாருடைய குரல்? பிரார்த்தனைக் கூட்டத்தில் முதல் வரி எடுத்துக் கொடுக்கிற குரல், மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் போகிற ஆட்டோ நின்றுவிடுகிற குரல், தன் நாற்பத்தேழு வயதிலும் நாற்பத்திரண்டு வயது இவளை “ஏ கிறுக்கி” என்று அழைக்கிற குரல். வேண்டிக்கொள்ள ஆளா இல்லை, மாமா, அக்கா வீட்டுக்காரர், தன் தம்பி தங்கை எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்துப் பிரார்த்தனை அறையில் உட்கார்ந்திருக்கிறார், இந்நேரம் கண்ணைத் திறந்திருக்க மாட்டார். அத்தனை பேர் இருக்கும்போது என்னை ஏன்க்கா கேட்கிறாய் என்று காலையிலேயே ஒரு தடவை கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் இருக்கிறதே... “அவங்கல்லாம் தினம் போறவங்கடி, தினம் வர்றவங்களை யாரு நிமிர்ந்து பாக்கறா? வராதவ வந்து நின்னா, யாருடா இதுன்னு திரும்பியாவது பாப்பாருல்ல.” சாமிக்கே ஆச்சரியம் கொடுக்கத் திட்டம் போடுகிறாள், கில்லாடி.

சரி, முயற்சி பண்ணிப் பார்ப்போம், காசா பணமா, என்று கண்ணை மூடினாள். எப்படி ஆரம்பிப்பது? “ஐயா” என்று வந்தது, உடனே “என் அக்காவுக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்” என்று வந்தது, அடச்சே, இது பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பமாயிற்றே, இப்படிக்கு தங்கள் கீழ்ப்படிந்துள்ள என்று முடிக்கச் சொன்னாலும் சொல்லும் இந்த வாய், முப்பத்தொரு வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டுக் கீழ்ப்படிந்துள்ள என்று கையெழுத்துப் போட்டால் அவர் என்ன நினைப்பார்... இரு, அவர் என்கிறாய், அப்படியானால் இருக்கிறாரா? இல்லை, இல்லைதான், அதில் இவளுக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது, கோபமும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனது போல ஒரு காலி, அவ்வளவுதான். கண்ணை இன்னும் இறுக்கி மூடினாள். கண்ணுக்குள் பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் மிதந்தன, சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, இதுதான் இவளுடைய வியாதியே, இப்படித்தான் அன்றைக்கும்...

அன்றைக்கு இவளுக்குப் பதினொரு வயது. பிரார்த்தனைக் கூடம் நிறையச் சனம், முன்னால் உட்கார்ந்தவர் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி இழுத்துப் பாட, பின்னால் எல்லாரும் அதையே திருப்பிப் பாட, போய்க்கொண்டே இருந்தது, நடுவில் அவருக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டது, எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார், வரவில்லை, நிறுத்தவும் மனசில்லை, அதே ராகத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் “பக்கம் ஒட்டிக்கிச்சே...” என்று இழுத்தார், இருநூறு பேரும் கண்ணை மூடியபடியே, உருகி உருகி, “பக்கம் ஒட்டிக்கிச்சே...” என்று பாடினார்கள். அதிலும் எல்லாரையும் விட உரக்க, எல்லாரையும் விட இனிமையாகப் பாடியது யார், அக்காதான், கன்னத்தில் கண்ணீர் வேறு. இவளுக்கு வந்தது பார் ஒரு சிரிப்பு, வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது, அக்கா தொடையில் கிள்ளினாள், கிள்ளக் கிள்ள இன்னும் வந்தது, அப்பா திரும்பிப் பார்த்து “சிரிக்கறதுன்னா வெளிய போய்ச் சிரி” என்றார். போனாள். வாசல் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள், வெயில் முதுகில் இதமாக அடித்தது, உள்ளே பாட்டு, வெளியே தன் சிரிப்பு, இரண்டும் சேர்ந்து கேட்க நன்றாகத்தான் இருந்தது, திரும்ப உள்ளே வா என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்தாள், கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை, இன்றைக்கு வரைக்கும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பெரிய புரட்சியெல்லாம் இல்லை. அப்படியானால் எதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாழற என்று மாமா ஒரு நாள் வருத்தப்பட்டுக் கேட்டார், பஸ்ஸில் போனால் கம்பியைப் பிடிச்சுக்குவேன் மாமா என்றாள், மனுஷர் இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் கேள்வி கேள்விதானே, எதைப் பிடித்துக்கொண்டு? இவள் வேலை பல்செட் செய்வது. மருத்துவர்கள் அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள், இவள் மெழுகில் ஈறு கட்டி, சூடான சின்னக் கரண்டியால் ஒவ்வொரு பல்லாக நட்டு நிறுத்துவாள், பதினான்கு மேலே, பதினான்கு கீழே, வரிசை பிசகாமல் நட்டால் பார்த்தவுடன் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும், அதனால் முன்பல்லுக்கு இடப்பக்கத்துப் பல்லை மட்டும் ஒரு மயிரிழை திருப்பி வைப்பாள், அந்தக் கோணல்தான் இவளுடைய கையெழுத்து. செட்டைப் போட்டுக்கொண்ட ஒரு அம்மாள் இவளைத் தேடி வந்து, கடைவாசலிலேயே ஆப்பிளைக் கடித்துவிட்டு, கடித்த சத்தத்தைக் கேட்டு, வாயெல்லாம் சாறு வழிய அழுதாள், இவளும் சேர்ந்து அழுது பிறகு இரண்டு பேரும் சிரித்து... இதற்கு மேல் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? மாமாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம், கம்பி என்று சொல்லியிருக்க வேண்டாம், பாவம் அவர்.

உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தாள். எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர், கண்ணை மூடி, உதடு அசைய, முணுமுணுவென்று வேண்டிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் நடுவில் குக்கர் ஆவி விடுவது மாதிரி ஒரு சின்ன விசில். தொழில் புத்தி சும்மா இருக்குமா, வாயைப் பார்த்தாள், மேல்செட், நல்ல நிறம், ஈறு வளைவு சுத்தம், யார் கைவேலை என்று குனிந்து பார்த்தாள், இடப்பக்கத்துப் பல் ஒரு மயிரிழை கோணல்... அட, நம்ம செட்டு! இவள் நட்ட பற்கள் இவளுக்கு முன்னாலேயே பக்தியோடு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தன. அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் எத்தனை கூடங்களில், எத்தனை வாய்களில், எத்தனை சாமிகளிடம் இவள் பற்கள் மன்றாடிக்கொண்டிருக்கும், பத்தொன்பது வருடத்துப் பற்கள், செய்தவளைத் தவிர அத்தனையும் ஆத்திகம்! வந்துவிட்டது, அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு, கைக்குட்டையை வாயில் அடைத்தும் மூக்கு வழியாக வந்துவிட்டது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். இவள் கைகூப்பாத குறையாக, மன்னிச்சுக்குங்க, உங்களைப் பார்த்துச் சிரிக்கலை, அந்தப் பல்லு நான் செஞ்சது, அதான், என்று உளறினாள். அவர் ஒரு கணம் விழித்தார், பிறகு முகம் மலர்ந்தது. “நீதானாம்மா அது! மாட்டி ஆறு மாசமாச்சு, பல்லு பிரமாதம். ஆனா ‘ச’ன்னு வாயைத் திறந்தா விசிலடிக்குதும்மா. சாமின்னு கூப்பிட்டாலே விசில்தான் போகுது. தெருவுல யாரையோ கூப்பிடற மாதிரி.” ஐயையோ, முன்பல்லுக்குப் பின்னால் மெழுகை ஒரு சுரண்டு சுரண்டியிருக்க வேண்டும், காற்றுப் போக இடமில்லை, இவள் தப்புதான், ஆறு மாதமாக ஒரு மனுஷனைச் சாமியைப் பார்த்து விசிலடிக்க விட்டிருக்கிறாளே... “நாளைக்குக் கொண்டாங்க, பத்து நிமிஷத்துல சரிபண்ணித் தரேன்” என்றாள். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். “வேண்டாம்மா வேண்டாம், அது இருக்கட்டும். உள்ள கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கறாளே என் சம்சாரம், அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் வேண்டிக்கறேன்னு நம்புறா. இல்லன்னா தூங்கறேன்னு சண்டைக்கு வருவா.”

வேண்டாம்மா வேண்டாம், வேண்டிக்கறேன்... ஒரே மூச்சில் இரண்டும் வந்தது அவர் வாயில், அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி விசிலடிக்கத் தொடங்கிவிட்டார், இவளுக்குத்தான் அது காதிலேயே நின்றுவிட்டது. வேண்டாம் என்றால் வேண்டாம், வேண்டும் என்றால் வேணும், வேண்டிக்கொள்வது என்றால்... வேணும் என்பதுதானே? அவ்வளவுதானே அந்தச் சொல்? அதில் சாமி எங்கே இருக்கிறது, கூடம் எங்கே இருக்கிறது, கண்ணை மூடச் சொல்லி எங்கே இருக்கிறது? வேண்டியவர்கள் என்றால் பக்தர்களா, இல்லையே, நமக்கு நெருக்கமானவர்கள், நமக்கு வேணும் என்கிறவர்கள், ஐயோ இத்தனை வருடம் தினம் வாயில் புழங்குகிற சொல், அதைப் போய் யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரித் தள்ளி நின்றாளே. அக்கா என்ன கேட்டாள், எனக்காக வேண்டிக்கோ என்றாள், என்னை வேணும்னு நினைச்சுக்கோ என்று கேட்டிருக்கிறாள், அதற்கா இவ்வளவு திண்டாட்டம்!

வேணும். ஆடி நின்ற கதவைப் பார்த்துக்கொண்டு, கண்ணைத் திறந்தே, உதடு அசைய ஆரம்பித்தாள். நீ வேணும்க்கா. உன் தொண்டை வேணும். காலையில் போன் பண்ணி எழுந்தாச்சா கிறுக்கி என்று கேட்கிற அந்தக் கட்டைக்குரல் வேணும், சாப்பிட்டியா என்பதையே திட்டுகிற மாதிரிக் கேட்பாயே அது வேணும், எனக்குக் குழந்தை நிற்காமல் போன அந்த வாரம் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே உன்னை அறியாமல் நீ பாடிக்கொண்டிருந்தாய், உன் சாமிப் பாட்டுத்தான், நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு நம்பிக்கை இல்லைதான், ஆனால் பாட்டை நிறுத்திவிடாதே நிறுத்திவிடாதே என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது, சொன்னதில்லை, அந்தப் பாட்டு வேணும்க்கா... இன்னும் முப்பது வருடத்துக்கு நான் சிரிப்பேன், நீ திட்ட வேணும், திட்டுவதற்கு ஆளில்லாமல் தனியாகச் சிரித்தால் பைத்தியம் என்பார்கள். அழுதாள். அழுகைக்கு நடுவில் சந்தோஷமாகவும் இருந்தது, இவ்வளவு ஆசை தனக்குள் இருந்ததே என்று இருந்தது, ஆசைப்பட ஆசைப்பட உடம்பே லேசாகிவிட்டது.

“கழுத்து ஆபரேஷன் கூட வந்தவங்க யாரு?” என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மாமாவைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை, இவளே ஓடினாள். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, கண்ணைத் திறந்து பாக்கறாங்க, ஆனா பேசச் சொன்னா பேச மாட்டேங்கறாங்க, குரல் வருதான்னு டாக்டர் கேக்கறாங்க, நீங்க கூப்பிட்டுப் பாருங்க, என்று நர்ஸ் நடந்துகொண்டே சொன்னாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு, மூக்கில் குழாய், அக்கா. “அக்கா” என்றாள். கண் திறந்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. இவள் குனிந்து காதை அக்கா உதட்டருகே கொண்டுபோனாள். “அக்கா, ஏதாவது சொல்லுக்கா.” மறுபடி அசைந்தது, காற்று மட்டும் வந்தது, பிறகு, உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி, கரகரவென்று, ஆனால் குரல், அதே குரல்...

“வேண்டிக்கிட்டியா?”

நர்ஸ் சிரித்துக்கொண்டே ஏட்டில் எழுதப் போனாள். இவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், “வேண்டிக்கிட்டேன்க்கா” என்றாள். அக்கா இவள் முகத்தையே பார்த்தாள், உற்று உற்றுப் பார்த்தாள், பொய் இல்லை என்று தெரிந்ததும் அவள் கண் விரிந்த விரிப்பு இருக்கிறதே, மயக்க மருந்தெல்லாம் அந்த நிமிடமே பறந்துபோயிருக்கும். “நெசமாவா? யார்கிட்டடி?” என்றாள்.

யாரிடம்... அதுதானே, யாரிடம்? இத்தனை நேரம் அந்தக் கதவைப் பார்த்துத்தான் கேட்டாள், கதவுக்குப் பின்னால் இருந்தது யார்? “உன்கிட்டதான்க்கா கேட்டேன்” என்றாள். அக்காவுக்கு இருமல் வந்தது, வலியோடு முகத்தைச் சுளித்தாள், “அடி கிறுக்கி, நான் மயக்கத்துல கெடந்தேன், எனக்கு எப்படிடி கேட்டிருக்கும்?” என்றாள். கேட்டிருக்காதுதான். காது கேட்காத ஒருத்தியிடம், பதில் சொல்ல முடியாத ஒருத்தியிடம், ஒரு கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அவ்வளவும் கேட்டிருக்கிறாள், கேட்டதும் மனசு அப்படி லேசாகிப் போயிருக்கிறது... அப்படியானால் கீழ்த்தளத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற மாமா செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருக்கிறது, இவளுடையவள் எழுந்து வந்து திட்டுகிறாள். அது மட்டும்தான் வித்தியாசமா? இதை அக்காவிடம் சொன்னால் தையல் பிரிகிற அளவுக்குச் சிரிப்பாளா, திட்டுவாளா, இல்லை, பாத்தியா நான் அப்பவே சொன்னேன்ல என்று ஆரம்பித்துவிடுவாளா என்று தெரியவில்லை, சொல்லலாமா வேண்டாமா என்று கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.