சிறீதரனின் பச்சை வட்டம்

சிறீதரனின் இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று மருத்துவர் சொன்ன அதே மாதத்தில்தான் அவன் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் நலத்திட்டம் தொடங்கியது. ஜெர்மனியின் ஹம் நகரத்தின் ஓரத்தில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் தொழிற்சாலை அது. உடல், மனம், வேலைத்திறன் மூன்றையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்று பொறுப்பதிகாரி ஃபிராவ் லேமன் கூட்டத்தில் சொன்னார். நல்ல பேச்சுத்தான், யார் மறுப்பார்கள்? கையில் கட்டும் பட்டி உடலைப் பார்க்கும். காலையில் தொலைபேசி கேட்கும் கேள்வி மனத்தைப் பார்க்கும். வேலையை இயந்திரமே கணக்கெடுக்கும். மூன்றையும் சேர்த்துப் பிசைந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டமாகக் காட்டுவார்கள். சேர்வது கட்டாயமில்லை என்றார்கள். சேராதவனை யாரும் மேற்பார்வையாளன் ஆக்கப்போவதில்லை என்பது மட்டும் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது.

சிறீதரனுக்கு அந்தப் பதவி வேண்டும். வாலிபம் முழுவதையும் அந்த மாவுத் தூசிக்குள் கழித்தவன் அதைக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் நெஞ்சின் சங்கதி வெளியே வந்தால் காரியம் கெட்டுவிடும். அவன் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தான். வேலையில் எல்லாரும் நீளக்கை மேலங்கியும் முழங்கைவரை கையுறையும் போட்டிருப்பார்கள், உள்ளே பட்டி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? பட்டியை மனைவி சுந்தரேஸ்வரியின் கையில் கட்டிவிட்டான். அது அளப்பதை வீட்டுச் சுவரில் செருகிய சிறு பெட்டி அவனுடைய தொலைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

சுந்தரேஸ்வரி ஒரு நாளும் தலையிடி என்று படுத்தவளில்லை. மனைவி மருத்துவரிடம் போகாததையே அவளுடைய சுகத்துக்கு அத்தாட்சியாக வைத்திருக்கும் கணவன்மார் நம்மில் எத்தனை பேர்! அவளும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. வட்டம் பச்சையாக நிற்க வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், கழற்றக்கூடாது என்று அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள்.

முதலில் எல்லாம் பச்சை. பிறகு ஒரு காலை, வழக்கம்போல 'மகிழ்ச்சி' என்ற பதிலை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தொலைபேசி தமிழிலேயே அவனுக்கு எழுதியது: 'மகிழ்ச்சி என்கிறீர்கள். உங்கள் உடல் அப்படிச் சொல்லவில்லை.' அவன் சிரித்தான். இன்னொரு நாள், 'நேற்றுப் பலமுறை நடப்பதை நிறுத்தி நின்றீர்கள். பிறகும் நடந்தீர்கள். யாருக்காக?' என்று கேட்டது. அன்று அவன் சிரிக்கவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

ஃபிராவ் லேமன் அவனைக் கூப்பிட்டு அவனுடைய நாடித்துடிப்பின் கோட்டுப்படத்தைக் காட்டினார். கோடு நாள் முழுக்க ஊர்ந்துவிட்டுப் பிற்பகலில் ஒரே இடத்தில் துள்ளி எழுந்தது. எல்லா நாளும் அதே இடம்தான்.

"இந்த நேரத்தில் எதற்கோ திடுக்கிடுகிறீர்கள். வீட்டில் யாருக்காவது பயப்படுகிறீர்களா?" என்று அவர் மிகவும் கனிவாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அது அவன் வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவுப் பூட்டில் திறப்பைப் போடும் நேரம். அந்த வீட்டுக்குள் அப்போது வருவது அவன் ஒருவன்தான்.

அன்று திறப்பைத் துவாரத்தில் வைத்தபடி காது கொடுத்து நின்றான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திறப்பைத் திருப்பியதும் எதுவோ தரையில் உரசி இழுபடுவது கேட்டது. பிறகு ஒரு மூச்சு. மனித மூச்சுத்தான், ஆனால் அவனுக்குப் பழக்கமில்லாத மூச்சு. கதவைத் திறந்தான். சுந்தரேஸ்வரி சமையலறை வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள். நெற்றி வேர்த்திருந்தது.

உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கேட்டு, அவள் ஓம், சுகமில்லை என்று சொல்லிவிட்டால் பட்டி அவன் கைக்குத் திரும்பிவிடும். இயந்திரத்தில்தான் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அதற்குப் பிறகு சொந்த வீட்டுக் கதவைத் திறக்க அவனுக்குப் பயமாக இருந்தது. தேநீர் தரும் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு நாளும் கைநீட்டாத என்னைக் கண்டு இவள் ஏன் நடுங்குகிறாள் என்று நினைத்துக் குழம்பினான்.

ஒரு வியாழக்கிழமை காலை இடைவேளையில், உணவுக்கூடத்தில் தொலைபேசி மினுங்கியது. 'இன்று மிக ஆழமாக ஓய்வெடுக்கிறீர்கள். வாழ்த்துகள்.' வட்டம் அப்படியொரு பச்சையாக இருந்ததை அவன் இதற்குமுன் கண்டதில்லை. அப்பாடா, நித்திரை கொள்கிறாள் என்று முதலில் நிம்மதி வந்தது. ஆனால் இது அவள் நடக்கப் போகும் நேரம். நாடித்துடிப்பைப் பார்த்தான். நாற்பதுக்குக் கீழே நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது. 'மனம் அமைதியாக உள்ளது' என்று கீழே ஒரு வரி தோன்றியது.

வீட்டுக்கு அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவசர உதவிக்கு அழைத்தான். மனைவிக்கு நினைவு இருக்கிறதா என்று அங்கே கேட்டார்கள். தெரியாது, நான் வேலையில் நிற்கிறேன் என்றான். அப்படியானால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அடுத்த மேசையில் ஃபிராவ் லேமன் கோப்பிக் கோப்பையோடு இருந்தார். மனைவியே இப்போதுதான் தொலைபேசியில் சுகமில்லை என்று சொன்னாள் என ஒரு பொய் சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் நாடியைச் சொன்னால்தானே விரைவார்கள்?

"அவளுடைய நாடி என் தொலைபேசியில் தெரிகிறது. என் பட்டியை அவள்தான் கட்டியிருக்கிறாள். தொடக்கத்திலிருந்தே அவள்தான்" என்று ஜெர்மனில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

ஃபிராவ் லேமன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். கூடத்தில் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே நின்றான். கதவை உடைத்து உள்ளே போய்விட்டார்கள் என்று மறுமுனையில் சொல்லும்வரை வாசித்தான். வட்டம் கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

சமையலறைத் தரையில் கிடந்தவளை எடுத்துப்போய் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்துக் காப்பாற்றினார்கள். எத்தனை நாளாக இப்படி என்று மருத்துவர் சிறீதரனிடம் கேட்டார். எல்லா நாளும் அவனுடைய சட்டைப்பையில் இருந்தன. ஒவ்வொரு காலையும் தேநீரோடு அவற்றை வாசித்தவன், தொலைபேசியை எடுத்து மருத்துவரிடம் நீட்டினான்.

மாலையில் அவளுக்கு நினைவு வந்தது. அவன் குனிந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொன்னா நீங்கள் நடக்க விடமாட்டியள். நடந்தாத்தானே உங்களுக்கு நல்லது" என்றாள். "ஏலாமத்தான் நிலத்தில இருக்கிறனான். திறப்புச் சத்தம் கேட்டவுடன எழும்பிப்போடுவன், நீங்கள் காணக்கூடாதெண்டு."

பிறகு வெறுமையாக இருந்த மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். முகம் கலவரப்பட்டது.

"இண்டைக்கு நடக்கேலாமப் போச்சப்பா. வேலையில உங்களை ஏதும் சொன்னவையே?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெர்மன் கிழவி திரும்பிப் பார்க்கும்படி, சிறீதரன் வாய்விட்டு அழுதான்.