மிஸி கேட்ட கேள்வி

நல்லசாமியின் வலது காலில் இருந்த புண் ஆற மறுத்தது. எண்ணெய் தரும் செம்பனை மட்டையின் முள் குத்தியதுதான் ஆரம்பம். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உள்ள உடம்பு என்பதால் முள் ஏறிய இடம் குழியாகிவிட்டது. மலேசியாவில் லிங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டி ஓய்வு பெற்றவர் அவர். மகள் மாதவி செனவாங்கில் பெக்டரி வேலைக்குப் போனாள், மருமகன் வசந்தன் லோரி ஓட்டினான். பகலெல்லாம் வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

கட்டு மாற்ற கிளினிக்கிலிருந்து தாதி கோமளா வருவாள். தாதிகளை அங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ரஹாங்கில் வளர்ந்தவள், பொறுமைசாலி. மருந்து மாற்றியும் புண் அடங்காததைப் பார்த்து, ஒருநாள் கட்டுப் போட்டு முடித்தபின்னும் எழுந்து போகாமல் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இவ்வளவு நாளா காலை மட்டும்தான் பார்த்தேன். இன்னிக்கு உங்களைப் பத்திக் கேக்கணும். உடம்பு, மனசு, வீடு, சாமி, எல்லாம். அப்பத்தான் உங்களுக்கு ஏத்த மாதிரி கவனிக்க முடியும்."

தூக்கம் வருகிறதா, யார் சமைக்கிறார்கள், கோயிலுக்குப் போய் எவ்வளவு நாளாயிற்று, எதை நினைத்தால் பயம் என்றெல்லாம் கேட்டாள். காலை வெட்டிவிடுவார்களோ என்பதுதான் தன் பயம் என்றார் அவர். பிறகு அவள் கேட்டாள்:

"யாரோட பேசினா உங்களுக்கு மனசு லேசாகுது?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. வாசலில் யாரும் இல்லையென்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"செல்லம்னு ஒருத்தவங்க. தோட்டத்துப் பழைய லயத்து வீட்டுல இருக்காங்க. குலையிலேர்ந்து கொட்டுற உதிரிப்பழம் பொறுக்குனவங்க. எம்பொஞ்சாதி படுக்கையில கிடந்தப்ப அவங்கதான் கூட இருந்து பாத்தாங்க. மக வேலைக்குப் போனதும் நான் அங்கதான் நடந்து போவேன். ஒரு டீ குடிச்சிட்டு, பேசிட்டு வருவேன். தப்பா ஒண்ணும் இல்ல மிஸி."

"அந்தக் காலோடயா நடக்கிறீங்க?"

"போகாம இருந்தாத்தான் உசுரு போற மாதிரி இருக்கு." உடனே குரலைத் தாழ்த்தினார். "இத எழுதிறாதீங்க. மகளுக்குத் தெரியாது."

"எழுதமாட்டேன் ஐயா" என்றாள் கோமளா. அவள் எழுதவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாதவி வீட்டில் இருக்கும்போது கோமளா வந்தாள். அப்பாவைக் கவனிக்கத் திட்டம் ஒன்று வைத்திருப்பதாக உற்சாகமாகச் சொன்னாள். புண்ணில் பாரம் விழாத செருப்பு, சாப்பாட்டில் மாற்றம், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வண்டி. மாதவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. அப்பா தினமும் செல்லம் அம்மா வீட்டுக்கு நடந்து போறதாலதான் புண் ஆறமாட்டேங்குது. அதுக்குப் பதிலா அவங்க இங்க வந்து போகட்டுமே. அவங்களோட பேசினாத்தான் அப்பாவுக்கு நிம்மதி."

நல்லசாமி கையைத் தூக்கினார். ஆனால் பேச்சு வெளியே வந்துவிட்டது.

மாதவி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா சாகக் கிடந்தப்ப கஞ்சி ஊத்துனாங்களே, அந்தச் செல்லமா? எங்கம்மா அவங்கள அக்கா அக்கான்னு கூப்பிட்டாங்களேப்பா!"

"மாதவி, நான் சொல்றத..."

"எப்பலேர்ந்துப்பா? அம்மா இருக்கும்போதேவா?"

அந்தக் கேள்வி அவரை அறைந்ததுபோல் இருந்தது. கோமளா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். மாதவி அதைக் கேட்க நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பழைய லயத்தை நோக்கி நடந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் நாலு வீட்டுக்குக் கேட்டது. அந்த வாரமே செல்லம் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு ரெம்பாவில் இருந்த அண்ணன் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோமளா மறுபடி வந்தபோது நல்லசாமி காலை மட்டும் நீட்டினார்.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன் ஐயா. எழுதவே இல்ல, பாருங்க."

"எழுதாதீங்கன்னு சொன்னேன். வாயால சொல்லாதீங்கன்னு தனியாச் சொல்லணுமா மிஸி?"

கோமளாவின் கை நின்றது. "மன்னிச்சிருங்க" என்றாள்.

"காலைப் பாருங்க. அது உங்க வேலை. மத்தது எதையும் எங்கிட்ட கேக்காதீங்க."

அதன்பிறகு அவள் வரும்போதெல்லாம் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். நடை நின்றதால் புண் ஆறத் தொடங்கியது. குழி மேடேறி, தோல் மூடியது. கிளினிக் டாக்டர் கோமளாவைப் பாராட்டினார். அவள் அதை நல்லசாமியிடம் சொல்லவில்லை. மாதவி அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போவாள்.

கால் தேறியதும் அவர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ரெம்பாவுக்குப் போனார். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். செல்லம் வேலியோரம் சமையல் வாசனைக்குப் பாண்டான் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"கால் ஆறிருச்சா?"

"ஆறிருச்சு. நான் ஒண்ணும் சொல்லல செல்லம். அந்த மிஸிதான் மககிட்ட சொல்லிட்டா."

"மிஸிக்கு யாரு சொன்னா?"

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மக என்னை என்ன கேட்டா தெரியுமா? உங்க பொஞ்சாதிக்கு நான் கஞ்சி ஊத்துனது உங்களப் பிடிக்கத்தானான்னு கேட்டா. அதக் கேக்கவா அத்தன நாளு முழிச்சிருந்தேன்? நம்ம பேச்சு நமக்குள்ளதான் இருக்கும்னு நம்புனேன். யாரோ ஒருத்தி நாற்காலியப் போட்டு அன்பாக் கேட்டதும் அள்ளிக் குடுத்துட்டீங்களே."

"எனக்கு வேற யாரு இருக்கா சொல்றதுக்கு..."

"எனக்கும் யாரும் இல்லலா. நான் சொன்னேனா?"

உள்ளிருந்து யாரோ அத்தை என்று கூப்பிட்டார்கள். "வெயில் ஏறுறதுக்குள்ள போங்க" என்று சொல்லிவிட்டு அவள் இலைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நல்லசாமி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். கால் கொஞ்சமும் வலிக்கவில்லை. முகம் பார்க்காத மகள் இருக்கும் லிங்கிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டும் அவர் ஏறவில்லை. பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.