கிழக்கு வரப்பு

விடியுமுன்பே தோளில் மருந்துக் கேன், கையில் பேட்டரிப் பெட்டி. கச்சிராயபாளையத்து மக்காச்சோளக் காட்டு வரப்பில் வழுக்கிக்கொண்டே போனான் அறிவுச்செல்வன். அவன் பைலட், மருந்தடிக்கிற ட்ரோனுக்கு. பெண் பார்க்கப் போன இடங்களில் அம்மா முதல் பாதியை மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அதனால் இந்த வேலையை விடவும் வழியில்லை. விட்டால் ஏனென்று விசாரிப்பார்கள், மாப்பிள்ளை தரையில் நின்றுதான் ஓட்டுகிறார் என்பது வெளியே தெரிந்துவிடும்.

சோளம் ஆள் உயரம் தாண்டியிருந்தது. மேற்கே ஓடை, கால் வைக்க இடமில்லை. கிழக்கு வரப்பில்தான் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் கல்வராயன் மலைக்காற்று தெளிக்கிற மருந்தை அள்ளிக்கொண்டு அந்த வரப்புக்கே வரும். நேற்று இங்கே நின்ற இன்னொரு பைலட் ரெக்ஸ், வாந்தியெடுத்தபடியே ட்ரோனைப் பத்திரமாக இறக்கிவிட்டு விழுந்தான். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

இரண்டாவது டேங்க் முடிவதற்குள் காற்று வந்துவிட்டது. முகத்தில் கட்டிய துண்டு நனைந்து உதட்டில் கசந்தது. அறிவு ட்ரோனை இறக்கினான்.

ட்ரோன்களுக்கு முதலாளியான கந்தசாமி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னா பைலட்டு, சும்மா நின்னுகினு இருக்க?"

"காத்து நம்ம பக்கம் அடிக்குதுங்க. முகமூடியும் கோட்டும் குடுங்க. காத்து ஜாஸ்தியானா நிறுத்தணும். இல்லன்னா ட்ரோன ஏத்தமாட்டேன்."

"ரெக்ஸு வெறும் வயித்துல வந்தான், விழுந்தான். அதுக்கு நீ சட்டம் பேசுறியா?"

"ரெண்டு இட்லி துன்னா மருந்து பயந்துகினு ஓடிடுமாங்க?"

கந்தசாமி சிரிக்கவில்லை. "நீ இல்லன்னா ஜெஸி ஏத்தும்" என்று போன் போட்டார்.

ஜெஸியும் பைலட்தான், கைக்குழந்தைக்காரி, வேலையை விட முடியாதவள்.

சற்று நேரத்தில் குட்டி யானை லோடு வண்டியில் வந்தாள். தன் ட்ரோனை இறக்கி, அவன் ட்ரோனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கந்தசாமி முகம் மலர்ந்தது. ஜெஸி குனிந்து பேட்டரியைக் கழற்றி மண்ணில் வைத்தாள்.

"ரெக்ஸப் பாத்துட்டுத்தாங்க வரேன். எதிர்லயே நிக்கிறேன், யாருன்னு கேக்கறான். கோட்டு வராம நானும் ஏத்தமாட்டேங்க."

கந்தசாமி மிச்சமிருந்த பைலட் தமிழழகனுக்குப் போன் போட்டார். ஜெஸி வந்த வண்டிக்குள்ளேயே மணி அடித்தது.

"இங்கதாங்க இருக்கேன்" என்று இறங்கினான் தமிழழகன், கழற்றிய பேட்டரியோடு.

"மூணு பேருக்கும் நாளைலேர்ந்து வேல கெடையாது."

வரப்பு ஒருவர் நிற்கிற அகலம்தான். அறிவு நகர்ந்து, மற்ற இருவருக்கும் இடம் விட்டான்.