இருபத்தைந்து அடியில் முத்துச்செல்வம்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பயம்தான். பெரிதாக வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். போன ஐப்பசியில் குத்துக்கல்வலசைக் கிணறு ஒன்றில் காற்றுச் சிலிண்டர் கட்டி மூழ்கும் ஸ்கூபா பழகப் போனேன். இருபத்தைந்து அடி ஆழத்தில் ஒரு காரியம் செய்தேன். அதை ‘நான்’ என்று எழுதக் கை வரவில்லை. அதனால் முத்துச்செல்வம் என்று ஒருவனைப் பிடித்து உள்ளே இறக்குகிறேன். பாவம், அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

2

கிணற்று நீர் பச்சைப் பட்டாக... (அடித்துவிட்டேன். பயந்தவன் கண்ணுக்குப் பட்டா தெரியும்?)

முத்துச்செல்வம் இலஞ்சிக்காரன், போலீஸ் ஏட்டு, வயது நாற்பத்தொன்று. தண்ணீரில் மாட்டியவர்களை மீட்க ஆள் தேவை என்று மேலிருந்து உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் யோசிக்கவே இல்லை.

“ஏலே, நீ குத்தாலத்துத் தண்ணில வளந்தவம்லா, ஒனக்கு என்ன பயம்?” என்று பெயரை எழுதிவிட்டார்.

அருவியில் நிற்பதற்கு நீச்சல் எதற்கு? நீச்சல் தெரியாது என்பதை அவன் சொல்லவில்லை. [நானும் சொல்லவில்லை.]

சொல்லிக்கொடுத்தவள் மாஜிதா. இருபத்தாறு வயது, கடலுக்குள் முந்நூறு தடவை இறங்கியவள்.

“மூச்ச மட்டும் அடக்கிராதீங்க அண்ணாச்சி. அடக்கிக்கிட்டு மேல வந்தா உள்ள இருக்க காத்து விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சிரும். வாயில குழாய் இல்லைன்னாலும் குமிழி விட்டுக்கிட்டே இருக்கணும்.”

“அருவி தலையில விழுதப்போ மூச்ச அடக்கித்தான் மேடம் பழக்கம்.”

“அந்தப் பழக்கத்த இங்கன கரையிலயே விட்டுட்டு வாங்க.”

நாற்பது வருடப் பழக்கம். செருப்பா கழற்றி வைக்க?*

* இந்த வரியில் நான் சிரிப்புக் காட்டுகிறேன். உண்மையில் அப்போது நான் கிணற்றுப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

3

அடியில் பாறை. எதிரெதிரே மண்டியிட்டார்கள். வாயிலுள்ள காற்றுக் குழாயை எடுத்து விட்டுவிட வேண்டும், பிறகு கையைப் பின்னால் வீசித் தேடி எடுத்துக் கவ்வ வேண்டும். இதுதான் பாடம்.

முத்துச்செல்வம் எடுத்தான், விட்டான். உதட்டில் தண்ணீர் பட்டதும் அவன் உடம்பு குற்றாலப் பேரருவிக்குப் போய்விட்டது. கண்ணை இறுக்கினான், மூச்சை அடக்கினான். கையை வீசினான். அகப்படவில்லை. இன்னொரு முறை வீசினான். நெஞ்சு வெடிக்கும்போலிருந்தது. செத்தோம் என்று நினைத்தான். கண் திறந்தால் மாஜிதா அவன் தோளுக்குப் பின்னால் கை காட்டுகிறாள். அந்தக் கை காட்டியது அவன் புத்தியில் ஏறவில்லை. அவள் வாயிலிருந்த குழாய் மட்டும் தெரிந்தது.

4

முடிவுகள்.

அ) மூச்சை அடக்கியபடி மேலே பாய்கிறான். (நாலு வரி எழுதினேன். அவன் மனைவி ஆனந்தவள்ளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.)

ஆ) சரியாகத் தன் குழாயை எடுத்துக் கவ்வுகிறான். (எழுத சுகமாகத்தான் இருந்தது. ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை.)

இ) எனக்கு நடந்தது. மாஜிதாவின் வாயிலிருந்து பிடுங்கினேன். நல்ல வேளை, அவசரத்துக்கென்று அவள் மார்பில் மஞ்சளாக இன்னொரு குழாய் தொங்கியது. அதைக் கவ்விக்கொண்டு, என் வயிற்றை அழுத்திக் காற்றை வெளியேற்றி, மெல்ல மேலே கூட்டிவந்தாள்.

“பரவால்ல அண்ணாச்சி, பயத்துல எல்லாரும் செய்யுததுதான்” என்றாள். அவள் உதடு கிழிந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு என் கையைக் கண்டால் பயம். மகளை ரோடு கடக்கக் கூட்டிப்போகும்போதுகூட, லாரி வந்தால் இந்தக் கை அவளை இழுக்குமா, உதறுமா என்று நினைப்பு ஓடுகிறது.

5

ஒன்றை மறைத்துவிட்டேன். முத்துச்செல்வத்தின் கதையில் அந்த மஞ்சள் குழாய் கிடையாது. நான்தான் எடுத்துவிட்டேன். அது இல்லையென்றால் என் கை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவன் கை இப்போது அவள் வாய்க்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அவள் ஒதுங்கவில்லை. மூன்று மாதமாக அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். இனி என்னால் முடியாது. நீங்கள் நகர்த்துங்கள்.