பஸ் இல்லீங்க சிஸ்டர்

ஏற்காட்டில் எஸ்டேட்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திவந்த சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் சலீமாதான் மூத்த நர்ஸ். வேலையை விடாமலேயே தபால் வழியாக நர்சிங் மேற்படிப்பு படிக்கலாம் என்று தொண்ணூற்றாறாம் வருடம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. அதைக் கத்தரித்து எடுத்துவந்து அவள் கையில் வைத்தவன் கணவன் ஜாபர் அலி. ஏற்காட்டு ஒண்டிக்கடை முனையில் கடை போட்டுக் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்பவன். இந்த வயதில் படிப்பா என்று சலீமா சிரித்தாள். கடையில் மத்தியானம் ஈ ஓட்டும் நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து படி, சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அவன். சொன்னபடி பார்த்தும்கொண்டான். குழம்பில் உப்புதான் ஒரு நாளைக்குக் கூடும், ஒரு நாளைக்குக் குறையும்.

பாடப் புத்தகங்கள் தபாலில் வந்தன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் வகுப்பு. பஸ்ஸில் படிக்கலாமென்று புத்தகத்தைத் திறந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றிக் குமட்டியது. எப்படியோ முதல் வருடம் தேறிவிட்டாள். இரண்டாம் வருடம் ஏதாவது ஒரு விஷயத்தை நேரில் விசாரித்து ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மலைக் கிராமத்துப் பெண்கள் ஏன் இன்னும் வீட்டிலேயே பிள்ளை பெறுகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டாள்.

லீவு நாட்களில் ஒரு கிராமத்துக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சாமை வயலிலும் காப்பித் தோட்டத்திலும் வேலையாக இருந்த பெண்கள் அவளைக் கண்டதும் வந்து உட்காரச் சொன்னார்கள். கொய்யாப்பழம் கொடுத்தார்கள். கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்.

“பஸ் இல்லீங்க சிஸ்டர்.”

இவ்வளவு தெளிவான பதில் கிடைத்ததில் சலீமாவுக்குச் சந்தோஷம். சேலத்தில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த ஆசிரியர் கந்தசாமிக்கும் திருப்தி. அட்டவணை போட்டு முடித்துவிடுங்கள் என்றார்.

மீதி வீடுகளையும் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் அந்தக் கிராமத்திலிருந்து திரும்பும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தான் உட்கார்ந்திருப்பதே பஸ்ஸில். போன பொங்கலிலிருந்து ஊருக்குள்ளேயே வந்துபோகிற பஸ். பாதி சீட்டில் கொய்யாக் கூடையோடு அதே பெண்கள்.

அடுத்த வாரம் கண்ணாயி வீட்டுக்குப் போனாள். கண்ணாயி மூத்த பிள்ளையைச் சலீமாவின் ஆஸ்பத்திரியில்தான் பெற்றிருந்தாள். இப்போது மறுபடியும் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தது. சலீமாவும் பக்கத்தில் குந்திக் கருப்புக் கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

“இந்தத் தடவை எங்க கண்ணு?”

“ஊட்லதானுங்க.”

“பஸ்ஸுதான் வருதே.”

கண்ணாயி கொட்டையைத் துழாவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

“உங்க மேல கொறை இல்லீங்க சிஸ்டர். நல்லாத்தான் பாத்தீங்க. ஆனா கதவைச் சாத்திட்டீங்க. எங்க அத்தை வெளிய நின்னு என்னைக் கூப்புடுது. எனக்குக் கேக்குது, பதில் சொல்லத்தான் தெம்பில்ல. நான் செத்துட்டேன்னு அது அழுவுது, அதுவும் கேக்குது. ஊட்லன்னா புடிச்சுக்க ஒரு கை இருக்குமுங்க.”

பிரசவ அறைக்குள் உறவுக்காரர் யாரும் வரக்கூடாது என்பது சலீமா வேலைக்குச் சேருவதற்கு முன்பே இருந்த சட்டம். ஆனாலும் இத்தனை வருடமாகக் கதவைச் சாத்தியது அவள் கை. அவள் மகளும் அந்த அறையில்தான் பிறந்தாள். அன்றைக்குக் கூட வேலைசெய்யும் பெண்கள் அத்தனை பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். தனியாகக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை.

“நீ வா கண்ணு. உங்க அத்தையை நான் உள்ள உடறேன்,” என்றாள்.

மறுபடியும் வீடு வீடாகப் போனாள். ஏன் வரவில்லை என்று இந்த முறை கேட்கவில்லை. உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டாள். ஒருத்தி வாயைத் திறந்ததும் மற்றவர்களும் பேசினார்கள். கந்தசாமி சாருக்கு இது பிடிக்கவில்லை. பயத்தை எப்படி அட்டவணை போடுவீர்கள், பஸ்ஸே போதும் என்றார். சலீமா பயத்தைத்தான் எழுதினாள்.

பெரிய டாக்டர் காமாட்சியிடம் உறவுக்காரரை உள்ளே விட அனுமதி கேட்டபோது, கூட்டம் சேர்ந்தால் கிருமியும் சேரும், முடியாது என்று ஒரேயடியாக முடித்துவிட்டார். நல்ல டாக்டர்தான், ஒரு தாயைக்கூட அசட்டையாக விட்டதில்லை. அதனாலேயே சலீமாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

இது தெரியாமல், அவள் வார்த்தையை நம்பி, கண்ணாயி வலியோடு வந்து இறங்கினாள். கூடவே மாமியார் பூவாயி. சலீமா கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பூவாயிக்குச் சோப்புப் போட்டுக் கை கால் கழுவிவிட்டு, துவைத்த அங்கி ஒன்றை மாட்டி உள்ளே அழைத்துப்போனாள்.

டாக்டர் வந்தபோது பூவாயி கட்டிலின் தலைமாட்டில் நின்று மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். பெண் குழந்தை. எல்லாம் முடிந்தபின் சலீமாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாரைக் கேட்டுச் செய்தாய் என்று தொடங்கி, வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“நான் வாக்குக் குடுத்துட்டேனுங்க டாக்டரம்மா,” என்றாள் சலீமா. எழுதிய கட்டுரையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

வேலை போய்விடும் என்றே நினைத்தாள். ஜாபர் அலி அவளைத் தேற்றவில்லை, படிக்கச்சொல்லி விரட்டவும் இல்லை. கடையில் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தான். சில நாள் கழித்து, ரவுண்ட்ஸ் போகும் வழியில் டாக்டர் நின்று கட்டுரையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரே ஒரு பொம்பளை. கை கால் கழுவணும். கத்தினா வெளிய அனுப்பிடுவேன்.”

பரீட்சையில் சலீமா தேறினாள். கட்டுரைக்குத்தான் மார்க் குறைவு. ஜாபர் அலி கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். மார்க் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மாதமே அதே கிராமத்திலிருந்து இன்னொரு பெண் ஜீப்பில் வந்து இறங்கினாள். கூட அம்மாவும் மாமியாரும். ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று சலீமா சொன்னதும், யார் வருவது என்று இருவரும் வாசலிலேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். ஜெயித்தவர் மாட்டிக்கொள்ளட்டும் என்று சலீமா ஒரு அங்கியைக் கதவின்மேல் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.